காத்து எங்கிட்டு அடிக்குது?

2012 செப்டம்பர் 10. கூடங்குளம் அணுஉலையை எதிர்த்து இடிந்தகரைக் கடற்கரையில் கூடியிருந்தவர்கள் மேல் போலீஸ் கண்ணீர்ப்புகை அடித்ததை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜனம் கடலுக்குள் இறங்கி ஓடியது. ஆயுசு முழுக்கக் கடலுக்குப் போன எங்கள் பெரியப்பா கேட்டது ஒன்றுதான்: "காத்து எங்கிட்டு அடிக்குது?"

அன்று ராத்திரி டிவி விவாதத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை.

பேர்தான் புகை. இப்போது பல நாட்டுப் போலீசும் அடிக்கிற சிஎஸ் என்கிற ரசாயனம், மாவு போன்ற பொடி. கண்ணும் தொண்டையும் எரியும், மூச்சு முட்டும். காற்று இழுக்கிற பக்கமெல்லாம் போகும். கல்லெறிந்தவன் யார், பிள்ளையை இடுப்பில் வைத்து நின்றவள் யார் என்று அதற்குத் தெரியாது. 1997இல் நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுத ஒப்பந்தப்படி போரில் எதிரிப் படை மேல் இதை அடிக்கக் கூடாது. சொந்த ஜனத்தைக் கலைக்க அடிக்கலாம். போரில் எதிரி இதை விஷவாயு என்று நினைத்து நிஜ விஷத்தையே திருப்பி வீசிவிடுவான் என்று காரணம் சொல்கிறார்கள். சரி. மறியலில் உட்கார்ந்தவனிடம் திருப்பி வீச என்ன இருக்கிறது?

துப்பாக்கிக்கு இது தேவலைதானே என்பார்கள். 2011இல் பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டைப் பார்த்த மாவட்டக்காரன் நான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் துப்பாக்கி பக்கத்தில் வைத்தால் எதுவும் சாதுவாகத்தான் தெரியும். போலீஸ் மேல் கல் விழுவதும் உண்மைதான். நாலு பேர் எறிந்த கல்லுக்கு நாலாயிரம் பேர் பேச வந்த பேச்சும் அந்தப் புகையோடு போகிறதே, அதுதான் என் வழக்கு. ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு தந்திருக்கிறது. 2011 ஜூனில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தின் மேல் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். மறு வருஷம் உச்ச நீதிமன்றம் போலீசைக் கண்டித்தது.

எங்கள் தீவுக்கு வாருங்கள். இலங்கைக் கடற்படையிடம் படகு பிடிபட்டால் தங்கச்சிமடத்தில் ரோட்டில் உட்காருவோம். இருப்பது ஒரே ரோடு. ஒரு முனை பாம்பன் பாலம், மறுமுனை ராமேஸ்வரம், இரண்டு பக்கமும் கடல். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் பாலத்துப் பக்கம் நின்று புகைக்குண்டு போட்டால், கூட்டம் ஓடுகிற திசையிலேயே புகையும் வரும். ரோட்டோர வீட்டில் தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கும் அதே எரிச்சல்தான். கொண்டல் என்கிற கீழ்க்காற்று அடிக்கிற நாளில் போட்டால் போட்டவர்களே வாங்கிக்கொள்வார்கள், அது வேறு கதை!

கலைந்து போகச் சொல்லி மைக்கில் அறிவிக்கிறார்கள். எந்தப் பக்கம் போவது என்பதையும் அதே மைக்கில் சொல்லட்டும். அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டு, ஜனம் நடந்துபோக நேரமும் கொடுக்கட்டும். காற்று எங்கிட்டு என்று தெரியவில்லையா? கரையில் எந்தச் சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்வான்.