மீதி 13 ஜன்னல் எங்கே?

தையற்காரர்: ஜன்னல் திரைக்குத் தொலைபேசியில் 14 என்றீர்களே தம்பி, கூடம் முழுவதும் சுற்றி வந்துவிட்டேன், மீதி 13 ஜன்னல் எங்கே?

வீட்டுக்காரர்: 14 என்றது எண்ணிக்கை அல்ல அண்ணே, உயரம். கூடத்தில் இருக்கும் இந்த ஒரே ஜன்னல் 14 அடி உயரம், 8 அடி அகலம். தரையில் தொடங்கி மாடி வரைக்கும் கண்ணாடிதான்.

தையற்காரர்: 14 ஜன்னல் வேலை என்று நம்பி, விளக்குத்தூண் கடைவீதியிலிருந்து இந்தக் கோச்சடை வரை துணி மாதிரிப் புத்தகங்களை வண்டியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். போகட்டும். இவ்வளவு பெரிய கண்ணாடி இங்கே எதற்கு?

வீட்டுக்காரர்: எலிவேஷனுக்கு அண்ணே. தெருவிலிருந்து பார்த்தால் வீடு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று வரைபடம் போட்டவர் சொன்னார். கூடத்தில் உட்கார்ந்தபடியே நாகமலையைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிக்கலாம் என்றும் சொன்னார்.

தையற்காரர்: மலையைக் காணவில்லையே.

வீட்டுக்காரர்: அந்தக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. தொட்டி பக்கத்து வீட்டுக்காரருடையது. நாங்கள் குடிவந்த பிறகு வைத்தார்.

தையற்காரர்: சரி, திரை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

வீட்டுக்காரர்: வெளிச்சம் வர வேண்டும், வெயில் வரக்கூடாது. நாங்கள் தெருவைப் பார்க்க வேண்டும், தெருவில் போகிறவர்கள் எங்களைப் பார்க்கக்கூடாது. காற்றும் வர வேண்டும்.

தையற்காரர்: இது திறக்காத கண்ணாடி, காற்றைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். மெல்லிய வலைத்துணி போட்டால், பகலில் உங்களுக்குத் தெரு தெரியும், தெருவுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். இரவில் விளக்கைப் போட்டவுடன் அது அப்படியே தலைகீழாகிவிடும். உங்கள் வீட்டில் இன்று இட்லியா தோசையா என்று நடந்துபோகிறவர் சொல்லிவிடுவார். அதனால் உள்ளே வலைத்துணி ஒன்று, அதன்மேல் கனத்த துணி ஒன்று என்று இரண்டு அடுக்கு வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் 16 அடி அகலத்துக்குத் துணி எடுக்க வேண்டும்.

வீட்டுக்காரர்: ஜன்னல் 8 அடிதானே அண்ணே? 16 அடி எங்கிருந்து வந்தது? வீடு கட்டியவர்கள் எல்லோருமே எங்களிடம் எதையும் இரண்டு மடங்காகத்தான் சொன்னார்கள்.

தையற்காரர்: உங்கள் இடுப்பு 36 அங்குலம் இருக்குமா? வேட்டியையும் அதே 36 அங்குலத்துக்கு வாங்கிக் கட்டிக்கொண்டு தெருவில் நான்கு எட்டு நடந்து காட்டுங்கள், நான் 8 அடியிலேயே தைத்துத் தருகிறேன். மடிப்பு விழுந்தால்தான் அது திரை. இல்லாவிட்டால் கொடியில் காயப்போட்ட போர்வை.

(இதற்குள் மணி நான்காகிவிட்டது. வெயில் சோபாவின் முதல் இருக்கையை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டதால், வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தாமலேயே இரண்டாவது இருக்கைக்கு நகர்ந்தார். அந்த நகர்வில் நல்ல பழக்கம் தெரிந்தது.)

வீட்டுக்காரர்: மேலே இரண்டு அடிக்கு சன்ஷேடு போட்டிருக்கிறோம், அப்படியும் வருகிறது பாருங்கள்.

தையற்காரர்: மேற்கு வெயில் தலைக்கு மேலிருந்து இறங்குவதில்லை தம்பி, முகத்துக்கு நேராக வரும். இந்த நேரத்துக்கு உங்கள் இரண்டு அடி சன்ஷேடு ஒன்றரை அடி நிழல் கொடுத்தாலே அதிகம். மீதி பன்னிரண்டரை அடிக்கும் சூரியன் நேரடி விருந்தாளி. அது கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு நான் திரையை இழுத்து மூடுவது, திருடனை உள்ளே விட்டுவிட்டு வாசல் கதவைப் பூட்டுவது போலத்தான். என் தொழிலுக்கு விரோதமாகச் சொல்கிறேன், வெளிப்பக்கம் மூங்கில் தட்டி ஒன்றைச் சுருட்டி இறக்கும்படி கட்டுங்கள். பாதிச் சூடு தெருவிலேயே நின்றுவிடும்.

வீட்டுக்காரர்: வெளியில் தட்டி கட்டினால் எலிவேஷன் போய்விடுமே அண்ணே!

தையற்காரர்: அதை மறந்துவிட்டேன், மன்னியுங்கள். அப்படியானால் உள்ளேயே போடுவோம். கம்பி 14 அடி உயரத்தில் இருக்கும். காலையும் மாலையும் யார் ஏறி இழுப்பார்கள்?

வீட்டுக்காரர்: ரிமோட்டை அழுத்தினால் தானாக ஓடும் மோட்டார் இருக்கிறதாமே?

தையற்காரர்: இருக்கிறது. அதற்கு மேலே ஒரு மின் இணைப்பு வேண்டும். சுவர் பூசுவதற்கு முன்பே வயர் இழுத்திருப்பீர்களே?

வீட்டுக்காரர்: இழுத்திருக்கிறோம், ஆனால் அது வெளிப்பக்கம் போகிறது. எலிவேஷனுக்கு நீல விளக்கு.

தையற்காரர்: நல்லது. திரையை ஒதுக்கினால் அது ஒதுங்கி நிற்பதற்கு இருபுறமும் ஒரு முழமாவது சுவர் வேண்டும். உங்களுக்கு இடப்பக்கம் மாடிப்படி, வலப்பக்கம் அலமாரி. ஆகவே திறந்தாலும் திரை கண்ணாடியின் மேலேயே நிற்கும்.

வீட்டுக்காரர்: என் மனைவிக்கு வேறொரு யோசனை இருக்கிறது. அம்மாவின் பெட்டியில் பழைய சுங்குடிப் புடவைகள் கிடக்கின்றன. அவற்றையே திரையாகத் தைத்தால் மதுரை வீடு என்று பார்த்தவுடனே தெரியும் என்கிறாள்.

தையற்காரர்: கணக்கு பொருந்துகிறது. புடவை ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. நெடுக்காகத் தொங்கவிட்டால் 14 அடி போக மடித்தடிக்கவும் மிஞ்சும், நடுவில் ஒட்டுத் தையலே வராது. நான்கு புடவை போதும். ஆனால் பருத்தியில் போட்ட சாயம் இந்த வெயிலுக்கு எத்தனை நாள் தாங்கும்? சுங்குடியில் முடிச்சுப் போட்ட இடம்தான் வெள்ளைப் புள்ளி. அடுத்த சித்திரைத் திருவிழாவுக்குள் புள்ளியும் வெள்ளை, புடவையும் வெள்ளை. உங்கள் அம்மா சம்மதித்துவிட்டார்களா?

வீட்டுக்காரர்: இன்னும் கேட்கவில்லை.

தையற்காரர்: கேட்கும்போது நான் இங்கே இருக்கமாட்டேன்.

(இப்போது மூன்றாவது இருக்கை.)

தையற்காரர்: காப்பி கொண்டுவந்து கொடுத்த தங்கச்சிக்கு முகமெல்லாம் வேர்த்திருந்ததே, அடுக்களையில் ஜன்னல் எங்கே? எனக்குக் கண்ணில் படவில்லை.

வீட்டுக்காரர்: இருக்கிறது அண்ணே, அடுப்புக்கு மேலே, இரண்டுக்கு ஒன்றரை அடி. அந்தப் பக்கம் சந்துதான், தெருவிலிருந்து தெரியாது.

தையற்காரர்: காலை ஐந்து மணியிலிருந்து நிற்கிறவருக்கு இரண்டு அடி, மாதத்துக்கு ஒருமுறை வரும் விருந்தாளி அண்ணாந்து பார்ப்பதற்கு 14 அடி. என் தாத்தா இருந்த கீழமாசி வீதி வீட்டு ஜன்னலுக்கு நான்கு கதவுகள் உண்டு தம்பி. கீழ்க் கதவு இரண்டையும் சாத்தி மேல் கதவு இரண்டையும் திறந்துவிட்டால் வெளிச்சம் வரும், காற்று வரும், உள்ளே இருக்கும் ஆள் தெரியாது. நீங்கள் சற்று முன் என்னிடம் கேட்டது எல்லாமே அதில் இருந்தது, மோட்டார் ஒன்றைத் தவிர. அதை இடித்தவர்களும் வெளித்தோற்றத்துக்காகத்தான் இடித்தார்கள்.

வீட்டுக்காரர்: பழையதைப் பேசி என்ன ஆகப்போகிறது? செலவைச் சொல்லுங்கள்.

தையற்காரர்: 4 அடி அகலத் துணியில் நான்கு பாகம், மடிப்பையும் சேர்த்து ஒரு பாகம் 15 அடி, ஆக 60 அடித் துணி. மற்ற வீடுகளில் நாலரை அடி உயர ஜன்னலுக்கு இரண்டு பாகமும் சேர்த்து 10 அடியில் முடிந்துவிடும். அந்தக் கணக்கில் இது ஆறு ஜன்னல். இரண்டு அடுக்கு என்பதால் பன்னிரண்டு. மாடியில் சுவர் மூலையை வெட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் திரும்பும் கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறீர்களே, அதற்கு நேர்க்கம்பி சரிவராது, மூலையில் இடிக்கும். வளையும் தண்டவாளம் போட்டு இரண்டாகத் தைக்க வேண்டும். பன்னிரண்டும் இரண்டும் எவ்வளவு?

வீட்டுக்காரர்: பதினான்கு.

தையற்காரர்: தொலைபேசியில் எனக்குச் சரியாகத்தான் காதில் விழுந்திருக்கிறது.

வீட்டுக்காரர்: படிக்கட்டில் இருக்கும் வட்ட ஜன்னலை விட்டுவிட்டீர்களே?

தையற்காரர்: அதற்குத் திரை வேண்டாம். வைகையில் தண்ணீர் வந்தால் கப்பலில் இருப்பது போலப் பார்த்துக்கொண்டிருங்கள்.

வீட்டுக்காரர்: தைத்து முடிக்க எத்தனை நாளாகும்? நேற்று வரைக்கும் புதுமனை புகுவிழாவுக்கு அடித்த பிளெக்ஸைத்தான் கட்டி வைத்திருந்தோம். நீங்கள் அளவெடுக்க வருகிறீர்கள் என்று இன்று காலையில்தான் அவிழ்த்தோம்.

தையற்காரர்: எங்கே, விரித்துக் காட்டுங்கள். அட, 14 அடிக்குக் கச்சிதமாக இருக்கிறதே! மேலே நீங்கள் இருவரும் கைகூப்பிக்கொண்டு நிற்கிறீர்கள், கீழே இருப்பது இந்த வீட்டின் படம்தானே?

வீட்டுக்காரர்: ஆமாம் அண்ணே, கணினியில் வரைந்த எலிவேஷன் படம்.

தையற்காரர்: எந்தப் பக்கத்தை வெளியே வைத்துக் கட்டியிருந்தீர்கள்?

வீட்டுக்காரர்: படத்தை உள்பக்கமாகத்தான் வைத்தோம், வெளுத்துவிடக்கூடாது என்று.

தையற்காரர்: துணி வரும்வரை தெருப்பக்கமாகத் திருப்பிக் கட்டுங்கள் தம்பி. ஏணி இருக்கிறதா, நான் ஒரு முனையைப் பிடிக்கிறேன்.