அந்த வரி அரிஸ்டாட்டில் சொன்னதல்ல

"நாம் திரும்பத் திரும்பச் செய்வதுதான் நாம், மேன்மை என்பது ஒரு செயல் அல்ல, பழக்கம் – அரிஸ்டாட்டில்" என்ற படம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது அவர் எழுதிய வரி இல்லை. அமெரிக்க எழுத்தாளர் வில் டூரன்ட் 1926-இல் வெளியிட்ட தத்துவ வரலாற்று நூலில், அரிஸ்டாட்டிலின் அறவியலைச் சுருக்கிச் சொல்லும்போது தன் நடையில் எழுதியது. அந்நூலின் அரிஸ்டாட்டில் அத்தியாயத்தில் பார்க்கலாம். முன்னும் பின்னும் உள்ள மேற்கோள்கள்தான் அரிஸ்டாட்டிலுடையவை, நடுவில் வரும் இந்த வரி டூரன்டுடையது.

மூலம் வேண்டுமானால் அரிஸ்டாட்டிலின் 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் 2-ஆம் புத்தகத்தைப் புரட்டுங்கள். எந்த நல்ல பதிப்பிலும் ஓரத்தில் 1103 என்ற எண் (அரிஸ்டாட்டில் நூல்களுக்கான பொதுப் பக்க எண்) இருக்கும். வீடு கட்டித்தான் கொத்தனார் ஆகிறோம், யாழ் வாசித்துத்தான் யாழ்க் கலைஞர் ஆகிறோம் என்கிறார். கூடவே, மோசமாக வாசித்துப் பழகினால் மோசமான கலைஞர்தான் உருவாவார் என்றும் எச்சரிக்கிறார். 1105-இல் மூன்று நிபந்தனைகள் வைக்கிறார்: அறிந்து செய்ய வேண்டும், அச்செயலுக்காகவே அதைத் தேர்ந்து செய்ய வேண்டும், உறுதியான குணத்திலிருந்து செய்ய வேண்டும். வெறும் பழக்கம் போதாது என்ற இந்த முக்கியமான பகுதி அந்தப் படத்தில் காணாமல் போகிறது.

வரி பிடித்திருந்தால் டூரன்ட் பெயரோடு பகிருங்கள். அரிஸ்டாட்டில் பெயரோடு வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.