தீர்மான நோட்டில் எங்கள் ஊருக்குக் கிடைத்த ஒரே வரி

குடியரசு தினத்தன்று எங்கள் ஊராட்சியில் நடந்த கிராம சபைக் கூட்டத்தின் தீர்மான நோட்டைப் பத்து நாள் அலைந்து திரிந்து நேற்றுதான் கண்ணால் பார்த்தேன். எங்கள் தெருவுக்குக் கிழக்கே, மழைநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை நோக்கி வடிந்து செல்லும் வழியில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுடன் எழவிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பற்றி அன்று நாங்கள் இரண்டு மணி நேரம் தொண்டை வறளப் பேசினோம். அந்த இரண்டு மணி நேரமும் நோட்டில் ஒரே வரியாகச் சுருங்கிக் கிடக்கிறது: “புதிய குடியிருப்புத் திட்டம் குறித்து விவாதிக்கப்பட்டது.” யார் எதிர்த்தார்கள், எதற்காக எதிர்த்தார்கள், என்ன கேட்டார்கள் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை.

அந்த வரிக்குக் கீழே எங்கள் கையெழுத்துகள் மட்டும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பந்தலுக்குள் நுழையும்போதே, கூட்டம் தொடங்குவதற்கு முன்பே, வெற்றுப் பக்கத்தில் வாங்கிய கையெழுத்துகள் அவை. பத்தாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊராட்சியில் கிராம சபை செல்லுபடியாக 300 பேர் வந்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த 300 கையெழுத்துகள் சேர்ந்த பிறகு எங்கள் வாயிலிருந்து வந்த எதுவும் யாருக்கும் தேவைப்படவில்லை.

நாங்கள் ஏன் இப்படிக் கொதிக்கிறோம் என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரைப் பார்க்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளம் நின்ற உயரத்தில் ஒரு பழுப்புக் கோடும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நின்ற உயரத்தில் அதைவிட ஒரு சாண் மேலே இன்னொரு கோடும் இருக்கின்றன. இரண்டு முறை வெள்ளையடித்தும் இரண்டாவது கோடு மறையவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியை மீனவர்கள் கொண்டுவந்த படகில் ஏற்றியபோது, அவர் மாத்திரை டப்பாவைத் தவிர வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது அவருடைய அரிசி டிரம்முக்குள் சாக்கடை நீர் இருந்தது. எட்டு ஆண்டு இடைவெளியில் தண்ணீர் ஏன் ஒரு சாண் உயர்ந்தது என்ற கேள்வியைத்தான் நான் ஒலிபெருக்கியில் கேட்டேன்.

விடை தெரியாத கேள்வியல்ல அது. தென்சென்னையைச் சுற்றியுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கிப் பள்ளிக்கரணையில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. ஒரு காலத்தில் பல ஆயிரம் ஹெக்டேர் பரந்திருந்த அந்தச் சதுப்பு நிலத்தைக் குப்பைக் கிடங்குக்கும் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் கூறு போட்டது போக, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற பொருளில் ராம்சர் தலமாக அறிவிக்கும்போது எஞ்சியிருந்தது சுமார் 1,248 ஹெக்டேர். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்தில் இதே சதுப்பின் விளிம்பில் கொண்டுவந்து அடுக்கியதும் அரசுதான். அவர்களும் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் எங்களோடு சேர்ந்துதான் தவிக்கிறார்கள்.

என்னை எல்லாவற்றுக்கும் மேலாக எரிய வைப்பது மனையை மேடாக்கும் வேலை. வெள்ளம் தேங்கும் பகுதியில் கட்ட வேண்டுமானால் நீர்வளத்துறையிடம் தடையின்மைச் சான்று பெற வேண்டும். அந்தச் சான்றில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனைகளுள் ஒன்று, மனையை வெள்ள மட்டத்துக்கு மேல் மண் கொட்டி உயர்த்த வேண்டும் என்பது. கட்டடத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது, சரி. ஆனால் அந்த மனையில் இதுவரை நின்ற தண்ணீர் எங்கே போகும் என்பதை யார் கணக்கிட்டார்கள்? கிராவல் லாரிகள் இரவு பதினொரு மணிக்கு வரத் தொடங்கி விடியும்வரை கொட்டிச் செல்கின்றன. போன மாதம் எங்கள் தெருவும் அந்த நிலமும் ஒரே மட்டத்தில் இருந்தன. இன்று அதன் விளிம்பில் நின்றால் எங்கள் வீட்டு ஜன்னல்களைக் கீழே குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அனுமதி இன்னும் பரிசீலனையில் இருப்பதாகக் கூட்டத்தில் சொன்னார்கள். பரிசீலனையில் இருக்கும் திட்டத்துக்கு எப்படி நான்கு அடி மண் விழுந்தது என்ற கேள்விக்கு, மேடையில் அமர்ந்திருந்த பற்றாளர் (கூட்டத்தைக் கண்காணிக்க அனுப்பப்பட்ட அலுவலர்) ஊராட்சி செயலரைப் பார்த்தார், செயலர் தலைவரைப் பார்த்தார், தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசியில் தலைவரிடமிருந்து கிடைத்த பதில், “அது நம்ம கையில இல்லீங்க, எல்லாம் மேல முடிவு பண்றது” என்பதுதான். கொதிப்பு அடங்காமல் வீட்டுக்கு வந்து விதிகளைத் தேடிப் படித்தேன். அவர் சொன்னதில் பாதி உண்மை என்று தெரிந்தபோது ஆத்திரம் இரண்டு மடங்கானது. திட்ட அனுமதி கொடுப்பது பெருநகர வளர்ச்சிக் குழுமம்; சுற்றுச்சூழல் அனுமதி கொடுப்பது மாநில அளவிலான ஆணையம். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டும் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்று சொல்லும் மத்திய அரசின் அதே 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை, கட்டுமானத் திட்டங்களுக்கும் நகரியங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்புத் தேவையில்லை என்று விலக்களித்திருக்கிறது. ஒரு சுரங்கத்துக்கோ அனல்மின் நிலையத்துக்கோ ஊரைக் கூட்டி மேடை போட்டுக் கேட்கிறார்கள். ஆயிரம் வீடுகளின் கழிவுநீரும், ஆயிரம் கார்களும், ஆயிரம் வீடுகளுக்கு நிலத்தடி நீரை உறிஞ்சும் ஆழ்துளைக் கிணறுகளும் எங்கள் தலைமேல் வந்து இறங்கும்போது, எங்களிடம் கேட்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. ஆக, நாங்கள் வாய் திறக்க மிச்சமிருந்த ஒரே இடம் கிராம சபை. அதைத்தான் ஒரு வரியில் அடைத்துவிட்டார்கள்.

அதிகாரம் இல்லை என்பவர்களிடம் நான் அனுமதியை ரத்து செய்யச் சொல்லவில்லையே. மக்கள் சொன்னதை அப்படியே எழுதி மேலே அனுப்புவதற்கு எந்த அதிகாரம் குறைகிறது? 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சதுப்பு நிலத்தைப் பற்றிய ஆய்வு முடியும்வரை அதன் ராம்சர் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி தரக்கூடாது என்று உத்தரவிட்டது. எங்கள் ஊர்த் திட்டம் அந்த எல்லைக்குள் வராது என்று வாயால் சொல்கிறார்கள். சர்வே எண்ணையும் வரைபடத்தையும் கேட்டால் காட்ட ஆளில்லை.

வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று எங்களை ஏசிய ஒருவருக்குக் கூட்டத்தில் கைதட்டல் கிடைத்தது. வீடில்லாதவர்களுக்கு வீடு வேண்டாம் என்று சொல்லும் மனம் எனக்கு இல்லை. நானும் பதினைந்து ஆண்டுத் தவணை கட்டித்தான் இந்த வீட்டை வாங்கினேன். அந்த அடுக்குமாடியில் முன்பதிவு செய்யப்போகும் குடும்பங்களை நினைத்துத்தான் எனக்குப் பதைக்கிறது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி அவர்கள் குடியேறிய முதல் டிசம்பரில், மனை மேடாக இருந்தாலும் வெளியே வரும் சாலை மூழ்கியிருக்கும். தண்ணீர் லாரி வராது, ஆம்புலன்ஸ் வராது, மின்சாரமும் நான்கு நாள் வராது. இதை அவர்களிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு யாருக்கு இருக்கிறது? வண்ணப் படங்கள் அச்சிட்ட விளம்பரத் தாளில் சதுப்பு நிலம் “இயற்கைக் காட்சி” என்று மட்டும் இருக்கிறது.

அடுத்த கிராம சபை மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தில் வருகிறது. நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று, கழிவுநீர் எங்கே போகும் என்ற திட்டம், மனையின் பழைய மட்டமும் புதிய மட்டமும் காட்டும் அளவீடு ஆகிய மூன்றும் அன்று பந்தலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட வேண்டும் என்று எழுத்துமூலம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கிவிட்டோம். கூட்டம் முடிந்து, தீர்மானத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்க வாசித்துக் காட்டும்வரை, நீட்டப்படும் எந்த நோட்டிலும் எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் கையெழுத்திடப் போவதில்லை.