ஆபீஸில் ராத்தங்கல்

வாடகை மிச்சம்னு ஆபீஸிலேயே படுத்துக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சிங்கப்பூர்ல பெரும்பாலான ஆபீஸ் கட்டடங்கள்ல சென்ட்ரல் ஏர்கான் சாயங்காலம் 6 மணியோட நின்னுடும். ஜன்னலோ திறக்காத கண்ணாடி. ராத்திரி 10 மணிக்கெல்லாம் அறை புழுங்கித் தள்ளும். புரண்டு படுத்தா சென்சார் லைட்டு பட்டுனு எரியும். கார்டு தட்டின நேரமெல்லாம் பதிவாகும்.

துணிதான் பெரிய தொல்லை. மேசைக்கடியில காயப்போட்ட சட்டை காத்தோட்டம் இல்லாம ஈர வாடை அடிக்கும். காலையில வர்றவங்க மூக்குக்கு முதல்ல எட்டுறது அதுதான்.

ஆபீஸ் இடத்துல குடியிருக்க சட்டமும் விடாது. சரி, வெளியே ரூம் எடுக்கலாம்னா வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுல குறைஞ்சது 6 மாச ஒப்பந்தம், முன்பணம் வேற. முதல் சம்பளமே கைக்கு வராத பிள்ளை அதை எங்கிருந்துங்க கட்டும்?