ஓட்டை கோணல், மெஷின் எண்பதாயிரம்

"பத்தாயிரத்துக்குக் கம்மியான மெஷின்ல போட்டா அப்பாவோட ரெக்கார்டெல்லாம் பாழாயிடும் தம்பி."

ஈப்போவில் ஒரு ஆடியோ கடையில் எங்கள் சுங்கை சிப்புட் பையன் ஒருவனுக்கு இப்படிப் பயம் காட்டி அனுப்பியிருக்கிறார்கள். செம்பனை லோரி ஓட்டுகிறவன். தோட்டத்தில் கிராணியாக (கணக்கராக) இருந்த அப்பா விட்டுப்போன ஒரு பெட்டி நிறைய டி.எம்.எஸ்., சுசீலா. அதைப் போட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கடைக்காரர் எண்பதாயிரம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ரெக்கார்டு பிளேயர் மெஷின் ஒன்றைச் சுற்றவிட்டு, "இதுல கேட்டாத்தான் கேட்ட மாதிரி" என்று வேறு சொல்லியிருக்கிறார். "நமக்கெல்லாம் இது ஒத்து வராதுண்ணே" என்று பையன் பெட்டியை மூடி வைத்துவிட்டான்.

ஒத்து வராதாம்! எண்பதாயிரம் என்றால் என்ன கணக்கு? 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளத்தை 1,700 வெள்ளி ஆக்கினார்கள். அதை வாங்குகிறவன் சாப்பிடாமல், வாடகை கட்டாமல் நாலு வருஷம் சேர்த்தால்தான் அந்த மெஷின். அதுவே ஆரம்பம்தான். ஜப்பானில் டெக்டாஸ் என்ற நிறுவனம் ஏர் ஃபோர்ஸ் ஸீரோ என்று ஒரு மெஷின் செய்தது, விலை நாலு லட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல். கணக்குப் போட்டால் இங்கே ஒரு ஆளின் ஆயுசு முழுக்க வருகிற சம்பளம் போதாது.

சரி, வசதி இருக்கிறவன் வாங்கட்டும். எனக்கு வயிறு எரிவது அதுக்கில்லை. ஆனால் "மலிவு மெஷின் ரெக்கார்டைக் கெடுக்கும்" என்ற பொய் இருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இந்த ஊரில் பழைய ரேடியோ, ரெக்கார்டு பிளேயர் பழுது பார்க்கிறவன் நான். ரெக்கார்டைக் கெடுப்பது எது என்று என் மேசைக்கு வந்து பாருங்கள். தேய்ந்த ஊசி கெடுக்கும். அளவுக்கு மீறிய அழுத்தம் கெடுக்கும். இருநூறு வெள்ளிச் சூட்கேஸ் பிளேயரில் செராமிக் ஊசி ஐந்து கிராம் வாக்கில் அழுத்துகிறது. அதைக் குறை சொன்னால் நானும் சேர்ந்து சொல்வேன். ஆனால் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் வெள்ளிக்கே ஊசி அழுத்துகிற எடையைச் சரிசெய்யக்கூடிய கையோடு (ஊசியைத் தாங்குகிற தண்டு) நல்ல மெஷின் கிடைக்கிறதே! அதில் வருகிற ஆடியோ டெக்னிகா வி.எம்.95 மாதிரியான ஊசி இரண்டு கிராமில் ஓடும். லட்ச வெள்ளி மெஷினில் மாட்டுகிற மூவிங் காயில் என்ற வகை ஊசிகளில் பெரும்பாலானவையும் அதே இரண்டு கிராம் பக்கம்தான். ரெக்கார்டுத் தட்டின் பள்ளத்துக்கு மெஷினின் விலை தெரியுமா என்ன?

இன்னொரு கொடுமை. இந்த உச்சவிலை மெஷின்களில் பலவற்றுக்குக் கை தனி, ஊசி தனி. கார் வாங்கப் போனால் டயருக்கும் ஸ்டியரிங்குக்கும் வேறு கடையைக் கைகாட்டுகிற மாதிரி.

இப்போது அந்தப் பெட்டியில் இருக்கிற தட்டுகளுக்கு வருவோம். கிராணி வீட்டு ரேடியோகிராமில் (ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் சேர்ந்த பெட்டி) தேயத் தேய ஓடியவை. கோயில் திருவிழாவுக்கு இரவல் போய், புழுதியில் புனல் ஸ்பீக்கருக்காகச் சுற்றியவை. அப்புறம் லயத்து அலமாரியில் பல வருஷம் பூசணம் பிடித்தவை. ஒரு தட்டை எடுத்து ஓடவிட்டேன். ஊசிக்கையைப் பக்கவாட்டில் பார்த்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் இடமும் வலமுமாய் அசைந்துகொண்டே இருக்கிறது. நடு ஓட்டை நடுவில் இல்லை! அச்சடித்தபோதே அரை மில்லிமீட்டர் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

அரை மில்லிமீட்டர் என்ன பெரிதா என்பீர்கள். மையத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி ஊசி ஓடும்போது, அந்த அரை மில்லிமீட்டர் வேகத்தை அரை விழுக்காடு கூட்டி, அரை விழுக்காடு குறைக்கும். நிமிஷத்துக்கு 33⅓ சுற்று ஓடுகிற தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி எடுக்கும். ஆக 1.8 வினாடிக்கு ஒருமுறை சுசீலா நீட்டிப் பிடிக்கிற சுரம் மேலே ஏறிக் கீழே இறங்குகிறது. எல்லா டி.ஜே.க்களும் போட்டு மிதித்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 எம்.கே.2, 1979-ல் வந்தது. அதிலேயே மெஷினின் சொந்த வேகத் தடுமாற்றம் 0.025 விழுக்காடுதான். தட்டின் கோணல் அதைவிடப் பல மடங்கு. அதற்குப் பிறகும் மோட்டாரை இன்னும் துல்லியமாக்குகிறேன், காற்றில் மிதக்க வைக்கிறேன் என்று லட்சம் லட்சமாய்க் கேட்டால், எந்தக் கோணலுக்கு வைத்தியம் செய்கிறாய் அப்பனே?

இந்தக் கோணலைத் திருத்த முடியாது என்றும் இல்லை. 1980-களின் தொடக்கத்திலேயே ஜப்பானின் நகமிச்சி நிறுவனம் டி.எக்ஸ்.1000 என்ற மெஷினில் அதைச் செய்துகாட்டியது. தட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று மெஷினே அளந்து, தட்டை நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவரும். அதுவும் விலை கூடியதுதான், ஆனால் காசுக்கு ஒரு வேலை செய்தது. இன்றைக்கு வீடு விலை சொல்கிற மெஷின்களில் பெரும்பாலானவை அந்தப் பக்கமே போவதில்லை.

இதையெல்லாம் கேட்டால் கடைசியாக ஒரு அஸ்திரம் வைத்திருக்கிறார்கள்: "உங்க காது இன்னும் பழகல." அடடா! பழகின காதுகளின் கதையைச் சொல்லவா? அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி என்ற நிறுவனம் அசல் அனலாக் டேப்பிலிருந்து வருகிறது என்ற பெயரில் தட்டு விற்றது. சிலது 125 டாலர். பெரிய மெஷின்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 2022-ல் வெளியே வந்தது: 2011 வாக்கிலிருந்தே நடுவில் டிஜிட்டல் புகுந்திருக்கிறது. காதால் கேட்டுக் கண்டுபிடிக்கவில்லை. விஷயம் கசிந்து, நிறுவனத்துப் பொறியாளர்களே வாய்திறந்து ஒப்புக்கொண்ட பிறகுதான் கோபமும் வழக்கும். அந்தக் காதை வைத்துக்கொண்டு லோரிக்காரப் பையன் காதைக் குறை சொல்ல வந்துவிட்டார்கள்.

எல்லா மெஷினும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சூட்கேஸ் பிளேயரிலிருந்து ஒழுங்கான மெஷினுக்கு மாறினால் வித்தியாசம் வாசலில் நிற்கிறவனுக்கும் கேட்கும். நாலாயிரம், ஐயாயிரம் வரைக்கும் கொடுக்கிற காசுக்கு நல்ல பேரிங், நல்ல கை என்று பலன் இருக்கிறது. அதற்கு மேலே போகப் போகப் பலன் சுருங்கி விலை மட்டும் வீங்குகிறது. கடைந்தெடுத்த உலோகம், கைவேலை, பார்க்க அழகு. அழகுக்காக வாங்கினேன் என்று சொல், கையெடுத்துக் கும்பிடுகிறேன். எம்.எஸ்.வி.யின் மோனோ பாட்டுக்கு இதில்தான் உயிர் வரும் என்று சொல்லாதே.

(கொலம்பியா நிறுவனம் நியூயார்க்கில் எல்.பி. என்ற நீண்ட நேரம் ஓடுகிற தட்டை அறிமுகப்படுத்தியது 1948 ஜூனில். அன்றிலிருந்து இன்றுவரை ஊசிமுனைக் கல் ஒன்று பள்ளத்தில் உரசுகிற வேலைதான், பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன.)

பையனிடம் சொல்லிவிட்டேன். இரண்டாயிரம் வெள்ளிக்குள் ஒரு மெஷின். புது ஊசி. முள்தராசு ஒன்று, ஊசி அழுத்துகிற எடையை அளக்க. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு சவர்க்காரம் விட்டு, லேபிள் நனையாமல் பூசணத்தைக் கழுவி, நிழலில் காயவை. மறுபடி அந்தக் கடைக்குப் போனால், "தள்ளிப்போன ஓட்டையை உங்க எண்பதாயிரம் சரி பண்ணுமா" என்று மட்டும் கேள். பண்ணும் என்றால் எனக்கு போன் போடு, நானே கிளம்பி வருகிறேன்.