ஷோனிபாரேயின் துணியைத் திருப்பிப் பாருங்கள்

பிரிட்டிஷ்-நைஜீரியக் கலைஞர் யிங்கா ஷோனிபாரேயின் சிற்பங்களைப் பகிர்கிறவர்கள் பலரும் 'ஆப்பிரிக்கப் பாரம்பரியத் துணியில் விக்டோரியா காலத்து உடை' என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரி படைப்பையே கொன்றுவிடுகிறது. அந்தத் துணி ஆப்பிரிக்காவில் பிறந்தது அல்ல என்பதில்தான் அவருடைய மொத்த வேலையும் நிற்கிறது.

1962-ல் லண்டனில் பிறந்து லாகோஸில் வளர்ந்தவர் அவர். லண்டனில் கலை படித்தபோது பெரஸ்த்ரோய்கா என்ற சோவியத் சீர்திருத்தத்தைப் பற்றிப் படைப்பு செய்துகொண்டிருந்தார். அசல் ஆப்பிரிக்கக் கலையைச் செய்யக்கூடாதா என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். எது அசல் என்ற கேள்வியோடு பிரிக்ஸ்டன் சந்தைத் துணிக்கடைக்குப் போனபோதுதான் சங்கதி தெரிந்தது. மெழுகால் கோலம் போட்டுச் சாயமேற்றும் ஜாவாவின் பாத்திக் துணியை டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் நகலெடுத்தார்கள். அது மேற்கு ஆப்பிரிக்காவில் ஊன்றிக்கொண்டது. நெதர்லாந்தின் ஹெல்மண்ட் நகரில் 1846-ல் தொடங்கிய விலிஸ்கோ ஆலை அந்தத் துணிக்குப் பெயர்போனது.

செய்முறை தெரிந்தால் மேலும் விளங்கும். ஜாவாவில் சாந்திங் என்ற சின்னச் செம்புக் கருவியில் உருகிய மெழுகை எடுத்துக் கையால் கோடு இழுப்பார்கள். ஆலையில் மெழுகுக்குப் பதில் சூடான பிசின். செதுக்கிய செம்பு உருளைகள் துணியின் இரண்டு பக்கமும் அதை ஒற்றும். பிறகு அவுரிச் சாயம். பிசின் பிடித்த இடம் வெள்ளையாக நிற்கும். ஆனால் ஆறிய பிசின் வெடிக்கும். வெடிப்பு வழியே சாயம் புகுந்து நரம்பு நரம்பாக நீலக் கோடு விழும். ஜாவாவில் அது பிழை. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அதுவே அழகு, ஏனென்றால் எந்த இரண்டு கெஜமும் ஒன்றுபோல இருக்காது. அடுத்த நிறங்களை அச்சுக்கட்டையால் ஒற்றும்போது வரைகோட்டிலிருந்து கொஞ்சம் விலகும். அதையும் விரும்பி வாங்கினார்கள்.

அசலைக் கண்டுபிடிக்கத் துணியைத் திருப்பினால் போதும். இரண்டு பக்கமும் ஒரே அடர்த்தியில் நிறம் இருக்க வேண்டும். மலிவு நகலில் பின்பக்கம் வெளுத்திருக்கும். நரம்புக் கோடும் அச்சிட்டதுதான் என்பதால், பூ திரும்ப வரும் இடத்திலெல்லாம் அதே கோடு அப்படியே வரும்.

இனி 2003-ல் செய்த 'ஆப்பிரிக்கப் பங்கீட்டுப் போட்டி'யைப் பாருங்கள். ஆப்பிரிக்க வரைபடம் பதித்த மேசையைச் சுற்றித் தலையில்லாத 14 உருவங்கள். ஆப்பிரிக்காவைப் பங்குபோடுவதைப் பேச 1884–85-ல் கூடிய பெர்லின் மாநாட்டில் உட்கார்ந்த நாடுகளும் 14. ஆப்பிரிக்கர் ஒருவரும் அங்கே இல்லை. பங்குபோட வந்தவர்கள் உடம்பில், காலனி வணிகம் நெய்து விற்ற துணி. தலை இல்லாததால் முகம் பார்த்து இனம் சொல்ல வழியில்லை. கைகளின் நிறமும் கறுப்பென்றோ வெள்ளையென்றோ அடித்துச் சொல்ல முடியாத பழுப்பு. மனிதரைத் தோலை வைத்து அளந்த காலத்தைப் பற்றிப் பேசும்போது, அந்த அளவுகோலையே பார்வையாளர் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறார். இதைவிடக் கூர்மையான தீர்மானம் அவருடைய வேலையில் வேறு இல்லை என்பேன்.

1998-ல், பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் கெய்ன்ஸ்பரோ வரைந்த ஆண்ட்ரூஸ் தம்பதியைச் சிற்பமாக்கியபோதும் இதே துணிச்சல். ஓவியத்தில் பாதிக்கு மேல் அவர்களுடைய வயல். இவர் வயலை எடுத்துவிட்டு ஆளையும் பெஞ்சையும் நாயையும் துப்பாக்கியையும் மட்டும் விட்டுவைத்தார்.

அப்படியானால் அந்தத் துணி டச்சுக்காரருடையதா? அதுவும் இல்லை. டோகோவில் லோமே நகரச் சந்தையில் பெண் வியாபாரிகள்தான் டிசைன்களுக்குப் பெயர் வைத்தார்கள். எது ஓடும் என்று சொன்னார்கள். நம் பக்கத்திலிருந்து போன மெட்ராஸ் கட்டத்துணியும் இப்படித்தான். நைஜீரியாவின் கலாபாரி மக்கள் அதை 'இன்ஜிரி' என்பார்கள். குறிப்பிட்ட இழைகளை மட்டும் அறுத்து உருவி, கட்டத்துக்குள் தங்கள் கோலத்தைக் கொண்டுவருவார்கள்.

2013 முதல் அவர் செய்யும் 'காற்றுச் சிற்பங்கள்' எனக்கு ஒப்பவில்லை. கண்ணாடியிழையை வளைத்து மேலே டிசைனை வரைகிறார். பார்க்க அழகுதான். ஆனால் அங்கே பிசின் இல்லை, வெடிப்பு இல்லை, திருப்பிப் பார்க்க ஒரு பக்கம் இல்லை. துணியின் வரலாறு போய் அதன் படம் மட்டும் மிஞ்சுகிறது.

கண்காட்சி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சிற்பத்துக்குப் பக்கத்தில் அதே துணியில் ஒரு கெஜத்தை, பார்வையாளர்கள் தொட்டுப் புரட்டிப் பார்க்கும்படி தொங்கவிடுங்கள்.