துறுகல்லைப் பாறை என்று எழுதிக் கடக்காதீர்கள்

'துறுகல் - பாறை.' ஓ.எல். படிக்கும்போது, சங்கப்பாட்டில் வந்த இந்தச் சொல்லுக்கு என் கொப்பியில் இப்படித்தான் பொருள் எழுதினேன். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் போதாது என்று இந்த மழைக்காலத்தில்தான் பட்டது.

துறு என்றால் நெருங்குதல், செறிதல். திரண்டு கெட்டித்துக் கிடக்கும் பெருங்கல்தான் துறுகல். பாறை என்றதும் என் மனதில் வருவது மலையோடு ஒட்டியது, விரிந்து கிடப்பது. நுவரெலியாவுக்குப் பக்கத்து ஹக்கலை மலையில் அண்ணாந்து பார்க்கிறோமே, அது பாறை. துறுகல் தனியாகக் கிடக்கும், அதைச் சுற்றி வரலாம். லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், நாங்கள் பாறாங்கல்லு என்போம்.

லயத்தின் கடைசி வீடான எங்கள் தொங்கல் காம்பராவுக்குப் பின்னால் அப்படி ஒன்று இருக்கிறது. அம்மாயி கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு முதுகு சாய்த்த கல். வெயிலில் சாம்பல் பூத்து, யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடக்கும். நாலு நாள் அடைமழை விட்ட காலையில் பார்த்தேன். கன்னங்கரேலென்று, நீர் சொட்டச் சொட்ட, குளித்துக் கரையேறிய யானை! குறுந்தொகையில் கபிலர் சொன்னதும் இதைத்தானே: 'மாசறக் கழீஇய யானை போலப் பெரும்பெயல் உழந்த இரும்பிணர்த் துறுகல்'. பிணர் என்றால் சொரசொரப்பு. உள்ளங்கையை வைத்துத் தடவினேன். அம்மாயி சாய்ந்த பக்கத்தில் மட்டும் பிணர் இல்லை, வழவழவென்று இருந்தது.

அதே நூலின் 47ஆம் பாட்டில், வேங்கைப்பூ உதிர்ந்த துறுகல் இரவில் புலிக்குட்டி போலத் தெரிகிறது. ஒன்று யானை, ஒன்று புலிக்குட்டி. 'பாறை' என்று உரை எழுதினால் அந்த உருண்ட முதுகு எங்கே போகும்?

அந்த உருண்டையும் மழையின் வேலைதான். வெடிப்புகளில் இறங்கும் தண்ணீர் பாறையின் மூலைகளை முதலில் உக்க வைக்கும். உக்காத நடுப்பகுதி உருண்டையாக மிஞ்சும். அப்புறம் சுற்றியுள்ள மண் கரையக் கரைய அது வெளியே வரும். அதனால் பயமும் உண்டு. 2014இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்த பிறகு, மழை வலுத்தால் அம்மா முதலில் போய்ப் பார்ப்பது அந்தக் கல்லின் அடிமண்ணைத்தான்.

மலையகத்தில் தமிழ் படிப்பிக்கும் நண்பர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். குறிஞ்சித் திணையின் முதல், கரு, உரி எல்லாம் மனப்பாடம் செய்யட்டும், சரி. அதற்கு முன்னால், மழை விட்ட ஒரு காலையில் பிள்ளைகளைத் தேயிலை மலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஈரம் காயும் முன்னே அந்தக் கல்லில் கை வைக்கச் சொல்லுங்கள். பாட்டை அங்கேயே வாசியுங்கள்.